பைக் கேள்வி பதில்: மாமாவோட நின்ஜாவை வெட்டலாமா?

கேள்வி: அண்ணா, ஜோஹன்னஸ்பர்க் (ஜோபர்க்) பக்கம் லெனேஷியாவுல இருக்குற மாமா அவரோட 1985 கவாசாகி ஜிபிஇஸட்900ஆர் நின்ஜா வண்டிய எனக்குக் குடுத்துட்டாரு. டர்பனுக்குக் கொண்டு வந்ததுலேருந்து த்ராட்டில விட்டா சைலன்ஸர்ல படபடன்னு வெடிக்குது, பிரேக் லீவர் ஸ்பாஞ்சு மாதிரி அமுங்குது. 17 இன்ச் வீல், புது ஃபோர்க் (முன்சக்கரத்தப் பிடிச்சு நிக்குற ரெண்டு குழாய்), பின்னாடி அகலமான டயர் எல்லாம் போட ஆசை. அதுக்கு ஃபிரேம வெட்டணும்னு ஒரு ஒர்க்‌ஷாப்ல சொல்றாங்க. வெட்டலாமா?
- சாட்ஸ்வொர்த் வாசகர்

பதில்: வெட்டாதீங்க தம்பி! இந்த வண்டிக்கு எஞ்சினுக்கு முன்னாடி இறங்குற கீழ்க்குழாயே கிடையாது, எஞ்சினே ஃபிரேமோட ஒரு பாகமா நின்னு பாரத்தத் தாங்குது, அதுல கை வச்சு ரெண்டு வீலும் ஒரே கோட்டுல நிக்கலேன்னா 200 கிலோமீட்டர் வேகத்துல போறப்ப என்ன ஆகும்னு நீங்களே யோசிங்க.

முதல்ல அந்த வெடிப்பு. ஜோபர்க் கிட்டத்தட்ட 1,750 மீட்டர் உயரம், காத்து மெலிசு, அதனால அங்க உள்ளவங்க கார்புரேட்டர்ல சின்ன ஜெட் (பெட்ரோல் வர்ற பொடித் துளை) போட்டுக்கறது உண்டு. மாமாவும் அப்படிப் போட்டிருந்தா கடலோரத்துல காத்து கூட, பெட்ரோல் கம்மி, அதான் வெடிக்குது, அப்படியே ஓட்டினா எஞ்சினும் சூடாகும். பிளக்கக் கழட்டிப் பாருங்க, வெள்ளையா இருந்தா கம்பெனி சைஸ் ஜெட்டுக்கே திரும்பிடுங்க. கையோட வால்வ் கவரையும் தொறந்து கேம் லோப்ல (வால்வ அமுக்குற தண்டோட மேடுல) டார்ச் அடிச்சுப் பாருங்க, இந்த மாடல்ல கேம் தேய்மானம் பழைய வியாதி, ஊசி குத்துன மாதிரி பொடிப்பொடிக் குழி தெரிஞ்சா வீல், ஃபோர்க்குக்கு வச்ச காச அதுக்கு ஒதுக்குங்க.

பிரேக்குக்கு புது ரப்பர் சீல், ஸ்டீல் பின்னல் ஹோஸ், புது டாட் 4 பிரேக் ஆயில். ஸ்பாஞ்சு போயிடும். பெரிய மாஸ்டர் சிலிண்டர் (லீவர் பக்கத்துல பிரேக் ஆயில அமுக்குற பம்ப்) மாத்தினா லீவர் கல்லு மாதிரி கெட்டியாத்தான் இருக்கும், ஆனா அதே விரல் பலத்துக்கு பிரேக் கம்மியாதான் பிடிக்கும், நெறைய பேர் இதுல ஏமாந்து போறாங்க.

இப்ப உங்க ஆசைக்கு வரேன். உங்க வண்டியில முன்னாடி 16 இன்ச் வீல், அதுக்கு நல்ல டயர் கிடைக்கிறது கஷ்டம். ஆனா 1990ல கவாசாகியே இதே மாடலுக்கு முன்னாடி 17 இன்ச் வீல், 38க்கு பதிலா 41 மில்லிமீட்டர் ஃபோர்க், நாலு பிஸ்டன் காலிப்பர்னு (டிஸ்க்கக் கவ்வுற பிரேக் பாகம்) மாத்திட்டான், ஏ7ன்னு சொல்வாங்க. அந்த முன்பக்கம் முழு செட்டா கிடைச்சா வாங்கிடுங்க, வெல்டிங்கே வேண்டாம், மாமா வண்டியோட பழைய பாகத்த எண்ணெய் தடவி பத்திரமா வச்சுக்கலாம். வேற பைக்கோட அப்சைட் டவுன் ஃபோர்க்னா (தடிச்ச குழாய் மேல இருக்குற தலைகீழ் ஃபோர்க்) ஸ்டீரிங் தண்டு, பேரிங், ஃபோர்க் நீளம், ட்ரெயில் (வண்டி நேரா போக உதவுற ஸ்டீரிங் அளவு) எல்லாமே மாறும், அளந்து செய்யத் தெரிஞ்ச ஆளு வேணும். பின்னாடி ரொம்ப அகலம் வேண்டாம், செயின் டயர்ல உரசும்.

கேள்வி: பெட்ரோல் டேங்குக்குள்ள துரு. நேரா சீலர் (உள்பக்கம் பூசுற திரவம்) ஊத்திடலாமா?
- ஃபீனிக்ஸ் வாசகர்

பதில்: கூடாது. துரு மேல ஊத்துன சீலர் உரிஞ்சு வந்து ஜெட்ட அடைச்சுடும். சிட்ரிக் ஆசிட் கரைச்சு ஊற வச்சு, சோடா மாவுத் தண்ணியில கழுவி, உடனே சூடு காத்து அடிச்சுக் காய வைங்க. டர்பன் ஈரத்துல ராத்திரி முழுக்க அப்படியே விட்டா காலையில திரும்ப செவந்து நிக்கும்.