அயர்லாந்தின் வடக்கு-தெற்கு கால்பந்து கிளப் கோப்பை ஏன் நிலைக்கவில்லை?

முதல் காரணம் காலண்டர். தெற்கு லீக், அதாவது அயர்லாந்து குடியரசின் லீக், 2003-இல் கோடைக்கால சீசனுக்கு மாறியது: அந்தக் கோப்பை நடந்த காலத்தில் மார்ச் வாக்கில் தொடங்கி நவம்பர் வாக்கில் முடியும். வடக்கில், அதாவது பிரிட்டனைச் சேர்ந்த வட அயர்லாந்தில், ஆகஸ்ட் முதல் மே வரை. இதனால் மார்ச்சில் ஒரு பக்கத்து அணி அப்போதுதான் உடம்பைத் தேற்றிக்கொண்டிருக்கும். மறுபக்கத்து அணி லீக் பட்டத்துக்காக உயிரைக் கொடுத்து ஆடிக்கொண்டிருக்கும். எந்தத் தேதியில் வைத்தாலும் ஒரு தரப்பு முணுமுணுக்கும்.

இரு பக்கத்துக் கிளப்புகளும் மோதிய இந்தக் கோப்பை, 2005-இல் தொடங்கிய செட்டாண்டா கோப்பை, ஆரம்பத்தில் களைகட்டியது உண்மைதான். முதல் இறுதியாட்டத்தில் பெல்பாஸ்ட்டின் லின்ஃபீல்ட், டப்ளினுக்கே போய் ஷெல்போர்னை 2-0 என வென்றது. அடுத்த இரண்டு முறையும் கோப்பை தெற்கு அணியான டிரோஹெடாவுக்கு. அப்புறம் ஸ்பான்சர் பணமும் கூட்டமும் மெலிந்தன. 2013 இறுதியில் ஷாம்ராக் ரோவர்ஸ் 7-1 என வென்றதைப் போட்டி என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. 2014-இல் ஸ்லைகோ ரோவர்ஸ் வென்றதோடு கதை முடிந்தது.

அரசியல்தான் கெடுத்தது என்று சிலர் சொல்வதை நான் முழுதாக ஏற்கவில்லை. எல்லைக்கு வடக்கே இருக்கும் டெர்ரி சிட்டி 1985 முதல் தெற்கு லீக்கில்தானே ஆடுகிறது!