உடம்பில் எந்தத் தொந்தரவும் இல்லாதபோது புற்றுநோய்ப் பரிசோதனை தேவையா? ரத்தப் பரிசோதனை போதுமா?

நேராகவே சொல்லிவிடுகிறேன். நீங்கள் கேட்ட அந்த ரத்தப் பரிசோதனை வேண்டாம், கொலோனோஸ்கோபிக்கு, அதாவது கேமரா வைத்த குழாயை விட்டுப் பெருங்குடலை உள்ளே பார்க்கும் பரிசோதனைக்கு, தேதி வாங்குங்கள். உங்களுக்கு 42 வயது, அப்பாவுக்கு 51 வயதில் பெருங்குடல் புற்றுநோய் வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த இரண்டு தகவலே போதும். எண்டோஸ்கோபி பிரிவில் செவிலியராக வேலை பார்க்கிறேன். உங்களைப் போன்றவர்கள் தொந்தரவு வந்த பிறகு வருவதைப் பார்த்துப் பார்த்து மனசு கேட்காமல்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

"எல்லாப் புற்றுநோயும் ஒரே ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்" என்று விற்கும் பேக்கேஜ்களில் பெரும்பாலும் இருப்பவை டியூமர் மார்க்கர்கள், அதாவது புற்றுநோய் இருந்தால் ரத்தத்தில் கூடக்கூடிய சில பொருட்களின் அளவுகள். நோய் உறுதியானவருக்குச் சிகிச்சை பலிக்கிறதா, நோய் திரும்பி வருகிறதா என்று பார்க்க இவை நன்றாகவே உதவும். நலமாக இருப்பவரிடம் நோயைத் தேட அல்ல. பெருங்குடலுக்குப் பார்க்கும் சி.இ.ஏ. அளவு புகைபிடிப்பவர்களுக்குச் சும்மாவே கூடியிருக்கும்; ஆரம்ப நிலைப் புற்றுநோய் உள்ள பலருக்கு இயல்பாகவே இருக்கும். பெண்களுக்குப் பார்க்கும் சி.ஏ. 125 மாதவிடாய் நாட்களில்கூட ஏறும். இயல்பு என்று வந்த ரிப்போர்ட்டை நம்பி நிம்மதியாக இருந்துவிடுவதுதான் இதில் உள்ள பெரிய ஆபத்து.

கண்ணில் பட்டதையெல்லாம் தேடுவதும் நல்லதல்ல. தென் கொரியாவில் 1999-இல் தேசியப் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் தொடங்கியது. தைராய்டு அந்தத் திட்டத்தில் இல்லை. ஆனாலும் கூடுதலாகக் கொஞ்சம் பணம் கட்டி நிறையப் பேர் கழுத்துக்கு ஸ்கேன் எடுத்துக்கொண்டார்கள். 2011-இல் கண்டுபிடிக்கப்பட்ட தைராய்டு புற்றுநோய் 1993-இல் இருந்ததைப் போல 15 மடங்கு. இறப்பு விகிதமோ குறையவே இல்லை. வாழ்நாள் முழுக்க எந்தத் தொல்லையும் தராமல் இருந்திருக்கக்கூடிய கட்டிகளுக்காகப் பலர் தைராய்டை இழந்து, தினமும் மாத்திரை சாப்பிடும் நிலைக்கு வந்தார்கள்.

பெருங்குடல் விஷயம் அப்படியல்ல. இங்கே பெரும்பாலான புற்றுநோய்கள் பாலிப் எனப்படும் சிறு சதை வளர்ச்சியில்தான் ஆரம்பிக்கின்றன. எல்லா பாலிப்பும் புற்றுநோயாக மாறுவதில்லை; மாறுபவற்றுக்கும் பெரும்பாலும் 10 வருடம்போல ஆகிறது. அந்த இடைவெளியில் எடுத்துவிட்டால் கதை முடிந்தது. நோயைச் சீக்கிரம் கண்டுபிடிப்பதைவிட இது ஒரு படி மேல், நோயாகவே விடாமல் தடுப்பது. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கும் இதே வசதி உண்டு. 30 வயதிலிருந்து 5 முதல் 10 வருடங்களுக்கு ஒருமுறை எச்.பி.வி. பரிசோதனை (அந்தப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸைத் தேடுவது) செய்யும்படி உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வீட்டுப் பெண்களிடம் இதைச் சொல்லுங்கள்.

கொலோனோஸ்கோபி என்றாலே பயப்படுகிறார்கள். உண்மையில் சிரமம் முந்தைய நாள்தான். பேதி மருந்தைக் கடைசி மடக்குவரை குடிக்க வேண்டும்; தெளிந்த மஞ்சள் நீராகப் போகும்வரை விடக்கூடாது. குடல் சுத்தமாக இல்லாவிட்டால் சிறிய பாலிப் கண்ணுக்குத் தப்பிவிடும். பரிசோதனையில் குழாய் சிறுகுடல் வந்து சேரும் இடம்வரை போகும். உண்மையான தேடல் திரும்பி வரும் வழியில்தான். குறைந்தது 6 நிமிடமாவது எடுத்து ஒவ்வொரு மடிப்பையும் விரித்துப் பார்ப்பார்கள். காம்போடு காளான்போல நிற்கும் பாலிப் உடனே தெரியும். தட்டையாகப் படிந்திருப்பதுதான் ஏமாற்றும். மேலே ஒட்டியிருக்கும் சளியைக் கழுவினால்தான் அதன் ஓரம் பிடிபடும். கம்பிச் சுருக்கை மாட்டி இறுக்கி அறுத்து, ஆய்வகத்துக்கு அனுப்புவோம். அறுப்பது வலிக்காது. ரத்தக்கசிவு, குடலில் துளை விழுவது போன்ற சிக்கல்கள் அபூர்வமாக வரலாம் என்பதையும் மறைக்கக்கூடாது.

குடும்பத்தில் யாருக்கும் இல்லாதவர்களுக்கு 45 வயதிலிருந்து என்று 2021-இல் அமெரிக்க வழிகாட்டுதல் மாறியது. அவர்கள் வருடம் ஒருமுறை மலத்தில் ரத்தம் பார்க்கும் பரிசோதனையும் செய்யலாம். பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ 60 வயதுக்குள் வந்திருந்தால் 40 வயதில், அல்லது அவருக்கு வந்த வயதுக்கு 10 வருடம் முன்பே, இரண்டில் எது முந்தி வருகிறதோ அப்போது தொடங்க வேண்டும். உங்களுக்கு அந்த வயது கடந்துவிட்டது. பிறகு 5 வருடத்துக்கு ஒருமுறை தொடர வேண்டியிருக்கும். உங்கள் அண்ணன் தம்பி, அக்கா தங்கைக்கும் இதே கணக்குதான்.

அப்பாவின் பயாப்சி ரிப்போர்ட்டைத் தேடி எடுங்கள். அத்தை, சித்தப்பா, தாத்தா பாட்டி யாருக்காவது குடலிலோ கருப்பையிலோ புற்றுநோய் வந்ததா, எந்த வயதில் என்று கேட்டு எழுதிக்கொண்டு போங்கள். லிஞ்ச் சிண்ட்ரோம் என்ற பரம்பரைக் கோளாறு இருந்தால் பரிசோதனையை 20-25 வயதிலேயே தொடங்க வேண்டும், பெரும்பாலும் 1-2 வருடத்துக்கு ஒருமுறை. பல வீடுகளில் "வயிற்றுக் கட்டி" என்று சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். விடாமல் கேளுங்கள்.

இதெல்லாம் தொந்தரவு இல்லாதவருக்கான பேச்சு. மலத்தில் ரத்தம், காரணம் தெரியாத ரத்தசோகை, எடை குறைவது, மலம் கழிக்கும் வழக்கம் வாரக்கணக்கில் மாறியிருப்பது என்று எது வந்தாலும் அடுத்த பரிசோதனைத் தேதிக்குக் காத்திருக்காதீர்கள். மூலம் என்று நீங்களாகவே முடிவு செய்துகொள்வதும் வேண்டாம்.

தேதி வாங்கும்போதே ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா, சர்க்கரை உண்டா என்று சொல்லிவிடுங்கள். எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். மயக்க மருந்து கொடுத்தால் அன்றைக்கு வண்டி ஓட்டக்கூடாது, அதனால் கூட ஒருவரை அழைத்துப் போங்கள்.