மெலிந்தால் வேகமாக ஓடலாமா? ஓட்டக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஓட்டத்தையும் நிறையையும் பற்றியவை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் தருகிறேன்.

கேள்வி: வயது 42, வங்கி வேலை, நிறை 78 கிலோ. 10 கிலோமீற்றர் ஓட 68 நிமிடம் எடுக்கிறது. 6 கிலோ குறைத்தால் எத்தனை நிமிடம் மிச்சமாகும்? (கோண்டாவில்)

முதலில் கணக்கைப் பார்ப்போம். சமதரையில் ஓடும்போது ஒரு கிலோ நிறையை ஒரு கிலோமீற்றர் கொண்டுபோக ஏறத்தாழ 1 கிலோகலோரி செலவாகும். வேகத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் இதில் பெரிய வித்தியாசம் வராது. ஆக உங்கள் 10 கிலோமீற்றருக்கு 780 கிலோகலோரி. ஒட்சிசனை எடுத்து வேலை செய்வது தசை. கொழுப்பு உழைப்பதில்லை, ஆனால் அதையும் சேர்த்துத்தான் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். குறையும் 6 கிலோவும் கொழுப்பாகவே இருந்து, தசையும் இதயத்தின் திறனும் அப்படியே இருந்தால், ஒரு கிலோவுக்குக் கிடைக்கும் ஒட்சிசன் 8 சதவீதம் அளவில் கூடும். கணக்குப்படி 63 நிமிடம் வரை வரலாம்.

அது உச்ச எல்லை மட்டும்தான். சாப்பாட்டை வெட்டி அவசரமாக மெலிபவர்களுக்குக் கொழுப்போடு தசையும் கரையும், அப்போது அந்தக் கணக்கு சரிவராது. இன்னொன்றும் இருக்கிறது. பொழுதுபோக்காக ஓடுபவர்களை அளந்த ஆய்வுகளில், கொழுப்புக் குறைந்தவர்கள் முன்னால் வருவது உண்மை. ஆனால் பயிற்சியில் வேகமாக ஓடுபவர்களும்தான் முன்னால் வருகிறார்கள். பல நேரம் இரண்டு கூட்டமும் ஒன்றுதான். மெலிந்ததால் வேகம் வந்ததா, ஓடி ஓடி மெலிந்தார்களா என்று அந்த எண்களை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. உங்கள் 68 நிமிடத்தில் நிறையால் குறைக்கக்கூடியதை விடப் பயிற்சியால் குறைக்கக்கூடியதே அதிகம் என்பது என் கணிப்பு. கிழமைக்கு ஒரு நாள் ஓட்டத்தைக் கூட்டுங்கள். இன்னொரு நாள் துரையப்பா விளையாட்டரங்கில் ஒரு சுற்று வேகமாக, ஒரு சுற்று மெதுவாக ஓடுங்கள். நிறை கிழமைக்கு அரைக் கிலோவுக்கு மேல் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பின்னேரம் பண்ணை வீதியில் 10 கிலோமீற்றர் ஓடிவிட்டு வந்து நிறுத்துப் பார்த்தால் ஒன்றரைக் கிலோ குறைந்திருக்கிறது. அவ்வளவும் கொழுப்பா? (கொழும்புத்துறை)

இல்லை, வியர்வை. நீங்கள் எழுதிய 70 கிலோ நிறைக்கு அந்த ஓட்டத்தின் செலவு 700 கிலோகலோரி. ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7700 கிலோகலோரி இருக்கிறது. செலவு முழுவதும் கொழுப்பிலிருந்தே போனாலும் 100 கிராம்கூட வராது. தண்ணீரைக் குடியுங்கள். நிறை கூடிவிடும் என்று பயந்து குடிக்காமல் இருப்பது நம் வெக்கைக்கு ஆபத்து.

கேள்வி: வீட்டுத் தராசு ஒரு நாள் கொழுப்பு 24 சதவீதம் என்கிறது, அடுத்த நாள் 27. எதை நம்புவது? (சுன்னாகம்)

இரண்டையும் வேண்டாம். அந்தத் தராசு பாதம் வழியாக மெல்லிய மின்சாரத்தை அனுப்பி, உடலில் எவ்வளவு தண்ணீர் என்று ஊகித்து, அதிலிருந்து கொழுப்பைக் கணக்கிடுகிறது. தண்ணீர் குறைந்தால் கொழுப்பைக் கூட்டிக் காட்டும். விடிய எழும்பி, கழிப்பறை போய்வந்து, சாப்பிட முதல் அளவுங்கள். மாதத்துக்கு மாதம் எந்தப் பக்கம் போகிறது என்பதை மட்டும் பாருங்கள். அதைவிட ஒரு தையல் நாடா நல்லது. இடுப்புச் சுற்றளவு உயரத்தின் பாதிக்குள் இருக்க வேண்டும்.

கேள்வி: உடற்திணிவுச் சுட்டி (BMI, உயரத்தோடு நிறையை ஒப்பிடும் எண்) 22தான். ஆனால் கை கால் மெலிவு, வண்டி மட்டும் முன்னால் தள்ளுகிறது. இன்னும் மெலிய வேண்டுமா? (மானிப்பாய், வயது 31)

வேண்டாம். இது நம் பகுதி மக்களிடம் பரவலாக உள்ள உடல்வாகு. 2004இல் புனே வைத்தியர் யாஜ்னிக்கும் பிரித்தானிய வைத்தியர் யுட்கினும் தங்களையே அளந்து வெளியிட்டார்கள். இருவருக்கும் சுட்டி 22.3தான். யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்கின் உடலில் 21.2. அதே ஆண்டு உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழுவும் ஆசியர்கள் 23இலேயே கவனமாக இருக்க வேண்டும் என்றது. உங்களுக்குத் தேவை தசை. கிழமைக்கு இரண்டு நாள் குந்தி எழும்புதல், படி ஏறுதல், பாரம் தூக்குதல். தராசு அசையாமலே நிற்கும், ஆனால் காற்சட்டை தளரும், ஓட்டமும் இலகுவாகும்.

கேள்வி: நல்லூர்த் திருவிழா 25 நாளும் வீட்டில் மச்சம் இல்லை. ஜிம்மில் சோறு, பிட்டையும் விடச் சொல்கிறார்கள். (திருநெல்வேலி)

மச்சம் இல்லாததால் ஓட்டம் கெடாது. சோற்றையும் பிட்டையும் விட்டால் கெடும். மாச்சத்து தசையில் கிளைக்கோஜன் என்ற சேமிப்பு எரிபொருளாகச் சேரும்போது ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைக்கும். சோற்றை நிறுத்திய முதல் கிழமையில் ‘இரண்டு கிலோ போய்விட்டது’ என்று சந்தோஷப்படுவது பெரும்பாலும் இந்தத் தண்ணீரைப் பார்த்துத்தான். பிட்டு இருக்கட்டும், பக்கத்தில் வெறும் சம்பலோடு நிறுத்தாமல் பருப்போ கடலைக் கறியோ வையுங்கள். காலையில் அவித்த பயறு, மத்தியானம் தயிர். மெலிய முயல்பவருக்கு ஒரு கிலோ நிறைக்கு நாளொன்றுக்கு 1.6 கிராம் புரதம் நல்ல இலக்கு.

கேள்வி: வயது 29, ஆசிரியை. எட்டு மாதத்தில் 57 கிலோவிலிருந்து 48க்கு வந்தேன். முதலில் வேகம் கூடியது, இப்போது குறைகிறது. மூன்று மாதமாக மாதவிடாய் இல்லை. முன்காலில் நோ. எல்லோரும் ‘வடிவாக மெலிந்துவிட்டாய்’ என்கிறார்கள். (நெல்லியடி)

சகோதரி, ஓட்டத்தை இன்றே நிறுத்துங்கள். இந்தக் கிழமையே வைத்தியரைப் பாருங்கள். ஓட்டத்துக்குச் செலவானது போக மிஞ்சும் சக்தி போதாதபோது உடல் சில வேலைகளை நிறுத்திவிடும். மாதவிடாய் அதில் ஒன்று. ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் எலும்பு தேயும். 2014இல் சர்வதேச ஒலிம்பிக் குழு இந்தச் சக்திப் பற்றாக்குறைக்குப் பெயர் வைத்து எச்சரித்தது, ஆண்களுக்கும் சேர்த்துத்தான். பெண்ணின் உடலுக்கு ஏறத்தாழ 12 சதவீதக் கொழுப்பு உயிர் வாழவே தேவை. அது வெட்டி எறிய வேண்டிய சுமை இல்லை.

முன்காலெலும்பில் ஒரே இடத்தில் விரலால் அழுத்த நோ கூடினால், படுத்திருக்கும்போதும் வலித்தால், எலும்பில் மெல்லிய வெடிப்பு இருக்கலாம். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் அது தெரியாமலும் போகும். ‘எக்ஸ்ரே சரி’ என்று கேட்டதும் ஓடத் தொடங்காதீர்கள். கடைசியாக மாதவிடாய் வந்த திகதி, எட்டு மாதத்தில் குறைந்த நிறை, ஒரு நாளில் சாப்பிடுவது எல்லாவற்றையும் எழுதிக் கொண்டுபோங்கள். கர்ப்பம், தைரொயிட், இரும்புச்சத்து ஆகியவற்றையும் அவர் பார்ப்பார். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணீர் குடிக்கும் பழக்கம் இருந்தால் விடுங்கள், அது உணவிலுள்ள இரும்பைச் சேரவிடாது. வேகம் திரும்ப வரும், முதலில் உடம்பு தேறட்டும்.

கேள்வி: நிறை குறையவில்லை. பாரம் குறைந்த சப்பாத்து வாங்கினால் உதவுமா? (சாவகச்சேரி)

கொஞ்சம் உதவும். ஒவ்வொரு சப்பாத்திலும் 100 கிராம் குறைந்தால் ஓட்டத்தின் ஒட்சிசன் செலவு ஏறத்தாழ 1 சதவீதம் குறையும். ஒவ்வோர் அடியிலும் வீசி எடுக்க வேண்டிய பாரம் என்பதால் காலில் இருக்கும் பாரம் உடம்பில் இருப்பதை விடக் கூடச் செலவு வைக்கும். ஆனால் பழைய சப்பாத்து காலுக்குப் பழகி, நோ எதுவும் இல்லை என்றால் அதையே போட்டு ஓடுங்கள்.