பேப்பர் போடலாமா, அவங்களா அனுப்புற வரைக்கும் இருக்கலாமா?

கேள்வி: சென்னை ஓ.எம்.ஆர்ல ஒரு ஐடி கம்பெனில டெஸ்டரா இருக்கேன் சார். சேர்ந்து 4 வருஷம் 5 மாசம். ப்ராஜெக்ட் முடிஞ்சு 5 வாரமா வேற வேலை கொடுக்காம பெஞ்ச்ல உக்காந்திருக்கேன், அடுத்த மாசம் ஆள் குறைப்புன்னு ஃப்ளோர் பூரா பேச்சு. வேற ஆஃபர் கையில இல்ல. அவங்க அனுப்புறதுக்கு முன்னாடி மரியாதையா நானே பேப்பர் போட்டு ராஜினாமா பண்ணிடலாமா? மாச பேசிக் சம்பளம் 36,000, நோட்டீஸ் 90 நாள்.

பதில்: போடாதீங்க தம்பி. ஆஃபர் லெட்டர் கையில இருந்தா தாராளமா கிளம்புங்க, அது வேற கதை. ஆனா ஃப்ளோர்ல ஓடுற பேச்சை நம்பி நீங்களே எழுதிக் கொடுத்தா சட்டத்துல அதுக்குப் பேர் ராஜினாமா, அவங்க அனுப்பினா அதுக்குப் பேர் ஆட்குறைப்பு, ரெண்டுக்கும் காசு வித்தியாசம் இருக்கு, அதைத்தான் மரியாதைங்கிற பேர்ல விட்டுடப் பாக்குறீங்க.

2025 நவம்பர் 21லேருந்து 1947 தொழில் தகராறு சட்டத்துக்குப் பதிலா தொழில் உறவுகள் தொகுப்புங்கற புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்தாச்சு. ஒரு வருஷம் தொடர்ந்து வேலை பாத்தவரை ஆட்குறைப்புல அனுப்பணும்னா ஒரு மாச நோட்டீஸ் இல்ல அதுக்கான சம்பளம் கொடுக்கணும், கூடவே வருஷத்துக்கு 15 நாள் சராசரி சம்பளம். உங்க பேசிக்க மட்டும் வெச்சு பாத்தாலே 4 வருஷத்துக்கு சுமார் 72,000 வருது. இன்னும் ஒரு மாசம் போய் 6 மாசம் தாண்டிட்டா அதை முழு வருஷமா எடுத்துக்கணும், அப்போ சுமார் 90,000. மறுபயிற்சி நிதின்னு இன்னொரு 15 நாள் சம்பளமும் இருக்கு. ராஜினாமா பண்ணினவருக்கு இதுல ஒண்ணும் கிடையாது.

ஐடிக்காரனுக்கு இதெல்லாம் பொருந்துமான்னு எல்லாரும் கேப்பாங்க. 2016லயே தமிழ்நாடு அரசு ஐடி ஊழியருக்கும் தொழில் தகராறு சட்டம் பொருந்தும்னு சொல்லிடுச்சு. ஐ.டி கார்டுல என்ன பட்டம் போட்டிருக்குங்கறது முக்கியமில்ல, நிஜத்துல என்ன வேலை பாக்குறீங்கங்கறதுதான் கணக்கு. ஆளுங்களை மேய்க்காம டெஸ்டிங் மட்டும் பண்றவர்னா நீங்க தொழிலாளிதான்னு வாதாட நல்லாவே இடம் இருக்கு. ஆனா 300 பேரோ அதுக்கு மேலயோ இருந்தா ஆளைக் குறைக்க அரசு அனுமதி வாங்கணும்னு சொல்றாங்களே, அது ஃபேக்டரி, சுரங்கம், தோட்டத்துக்குத்தான், அதை நம்பி இருக்காதீங்க.

இப்போ கிராஜுவிட்டி, அதாவது வேலையை விட்டுப் போறப்போ கம்பெனி தர்ற பணிக்கொடை. 5 வருஷம் ஆகணும்னுதான் பொதுவா சொல்லுவாங்க, ஆனா அஞ்சாவது வருஷத்துல 240 நாள் ஓட்டிட்டா அதையும் ஒரு வருஷமா எடுத்துக்கணும்னு மெட்ராஸ் ஹைகோர்ட் தீர்ப்பு இருக்கு (வாரத்துல 5 நாள் ஆபீஸ்னா 190 நாள் போதும்). உங்க கணக்குல 36,000ஐ 26ஆல வகுத்து 15ஆல பெருக்கி 5 வருஷத்துக்குப் போட்டா 1,03,846 ரூபா. எச்.ஆர்ல பல பேர் 5 வருஷம் முடியலன்னு கைய விரிப்பாங்க, தொழிலாளர் துறையில மனு போட்டாதான் அசைவாங்க. இன்னைக்கே பேப்பர் போட்டா 90 நாள் நோட்டீஸ் முடியும்போது 4 வருஷம் 8 மாசம் ஆகும், அதுவும் கோட்டை ஒட்டி நிக்கிற கணக்கு, நடுவுலயே ரிலீவ் பண்ணிட்டா அது கோட்டுக்கு இந்தப் பக்கம் விழுந்துடலாம்.

பெரும்பாலும் என்ன நடக்கும்னா எச்.ஆர் ஒரு சின்ன ரூம்ல கூப்பிட்டு, நீங்களே ரிசைன் பண்ணுங்க, நல்ல ரிலீவிங் லெட்டர் தர்றோம், இல்லேன்னா டெர்மினேட்டுன்னு போட்டுடுவோம்பாங்க. அங்க கையெழுத்து போடாதீங்க, சிஸ்டத்துல ரிசைன் பட்டனையும் அழுத்தாதீங்க, யோசிக்க டைம் வேணும்னு எழுந்து வந்துடுங்க. வந்த உடனே "இன்னைக்கு ராஜினாமா பண்ணச் சொன்னீங்க, எனக்கு விருப்பமில்ல, வேலையில தொடர்றேன்"னு ரெண்டு வரி மெயில் போடுங்க. பதட்டத்துல பண்ணிட்டாலும் அவங்க ஏத்துக்கறதுக்கு முன்னாடியே வாபஸ்னு எழுதி அனுப்பிடுங்க, நாள் ஆக ஆக கட்டாயப்படுத்தினாங்கன்னு நிரூபிக்கிறது கஷ்டம். அனுப்பியே விட்டாலும் 2 வருஷத்துக்குள்ள தொழிலாளர் துறை சமரச அதிகாரிகிட்ட மனு போடலாம், 45 நாள்ல முடியலன்னா நேரா தொழில் தீர்ப்பாயம் போகலாம்.

அவங்களே 3, 4 மாச சம்பளம் தர்றோம்னு எழுத்துல கொடுத்தா மேல சொன்ன கணக்கோட ஒப்பிட்டுப் பாத்துட்டு, கிராஜுவிட்டி தனின்னு அதுல இருக்கான்னும் பாத்து முடிவு பண்ணுங்க, நானே கூட சில பேரை வாங்கிட்டு போகச் சொல்லியிருக்கேன்.

அப்புறம் ஒண்ணு, சம்பள ஸ்லிப், ஆஃபர் லெட்டர், அப்ரைசல் லெட்டர் எல்லாம் இன்னைக்கே டவுன்லோட் பண்ணி வெச்சுக்கோங்க. க்ளையன்ட் ஃபைல் ஒண்ணு கூட உங்க மெயிலுக்கு ஃபார்வர்டு பண்ணிடாதீங்க, அதையே ஒழுங்கு நடவடிக்கைன்னு திருப்பிட்டா ஆட்குறைப்பு காசும் போயிடும்.