பழைய காருக்கு பாலீஷ் அப்புறம் போடலாம், முதல்ல கதவோட அடி ஓட்டையை பாருங்க

கேள்வி இதுதான்: "1974 மாடல் கார், தாத்தா ஓட்டி அப்பா ஓட்டி இப்போ என்கிட்ட வந்திருக்கு. சிவப்பு கலர். பானட்டும் மேல் கூரையும் வெளுத்து ரோஸ் மாதிரி ஆயிடுச்சு, டிரைவர் கதவோட அடியில சட்டை பொத்தான் சைஸ்ல ரெண்டு கொப்புளம். வாரா வாரம் சோப்பு போட்டு கழுவி பிளாஸ்டிக் கவர் போட்டு மூடித்தான் வைக்கிறேன், அப்படியும் துரு வருது. மெஷின்ல பாலீஷ் போட்டு செராமிக் கோட்டிங் அடிச்சுட்டா சரியாயிடும்ங்கிறாங்க, செய்யலாமாண்ணா?"

தம்பி, செராமிக்கை, அதாவது பெயிண்டு மேல கண்ணாடி மாதிரி இறுகுற அந்தப் பூச்சை, விட்டுடுங்க, பாலீஷையும் ஒரு ரெண்டு மூணு வாரம் தள்ளி வைங்க. நீங்க சொன்னதுல வெளுத்த பானட்டைப் பத்தி எனக்கு கவலையே இல்ல, அதை ஒரு நாள்ல மீட்டுடலாம். அந்த ரெண்டு கொப்புளமும் பிளாஸ்டிக் கவரும்தான் பயமா இருக்கு.

கதவோட அடியில கொப்புளம் வந்திருக்குன்னா அது பெரும்பாலும் வெளியில இருந்து உள்ள போன துரு இல்ல, உள்ள இருந்து அரிச்சுக்கிட்டு வெளிய வந்த துரு. இரும்பு துருவா மாறும்போது இருந்ததைவிட ரெண்டு மடங்குக்கு மேல இடத்தை அடைக்கும், அதுதான் பெயிண்டை அடியில இருந்து முட்டித் தூக்குது. நீங்க பொத்தான் சைஸ்னு பாக்குறது, உள்பக்கம் ஒரு உள்ளங்கை அகலத்துக்குக்கூட இருக்கலாம்.

எப்படி வருதுன்னு சொல்றேன். கதவு கண்ணாடி இறங்குற இடத்துல ஒரு ரப்பர் பட்டை இருக்குல்ல, அது எவ்வளவு புதுசா இருந்தாலும் கொஞ்சம் தண்ணி கதவுக்குள்ள இறங்கத்தான் செய்யும், கார் செஞ்சவங்களுக்கும் அது தெரியும், அதனாலதான் கதவோட அடி விளிம்புல மூணு நாலு வடிகால் ஓட்டை விட்டிருப்பாங்க. அம்பது வருஷத்துல அந்த ரப்பர் காஞ்சு கல்லாயிடும், தண்ணி தாராளமா இறங்கும், கூடவே தூசி, இலைச் சருகு, உதிர்ந்த ரப்பர் துணுக்கு எல்லாம் போய் அந்த ஓட்டையை அடைச்சுக்கும். அடைச்ச மண்ணு பஞ்சு மாதிரி, நாள் கணக்கா ஈரத்தைப் பிடிச்சு வச்சிருக்கும். போதாததுக்கு கதவோட வெளித் தகரத்தை உள் தகரத்து மேல மடிச்சு அழுத்தியிருக்கிற இடமும் அதேதான், அந்த மடிப்புக்குள்ள பெயிண்டு சரியா போயிருக்கவே போயிருக்காது. ரெண்டு பக்கமும் துத்தநாகம் பூசின தகரத்துல பாடி செய்யுறதுல போர்ஷே 911 முன்னோடி, அதுவே 1976 மாடல்ல இருந்துதான், அப்போ உங்க வண்டிக்கு என்ன பாதுகாப்பு இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

அதனால இன்னைக்கே ஒரு வேலை செய்யுங்க. கதவைத் திறந்து வச்சு, தரையில உக்காந்து அடி விளிம்பை கீழ இருந்து பாருங்க, நீளவாக்குல சின்னச் சின்ன பிளவு தெரியும். ஸ்க்ரூ டிரைவர் விடாதீங்க, இருக்கிற பெயிண்டையும் கீறிடும். ஒயர் கட்டுற பிளாஸ்டிக் ஜிப் டை போதும். நான் எடுத்து செஞ்ச ஒரு கார்ல இப்படித்தான் டையை விட்டேன், முதல்ல ஒண்ணுமே வரல, கொஞ்சம் திருப்பி ஆட்டினதும் சுண்டு விரல் தடிமனுக்கு ஈரக் களிமண்ணு ஒரு துண்டு பொத்துன்னு விழுந்துச்சு, அதுக்குப் பின்னாடியே காவிக் கலர்ல தண்ணி ஒரு டம்ளர் அளவுக்கு ஒழுகுச்சு. அந்த வண்டியை கழுவி நாலு நாள் ஆயிருந்துச்சு. நாலு நாளும் அந்தத் தண்ணி உள்ளயே நின்னிருக்கு, வெளியில பாத்தா பளபளன்னு இருந்த வண்டி அது.

நீங்க வாரா வாரம் கழுவுறதும் இப்படித்தான் வாரா வாரம் கதவுக்குள்ள தண்ணி ஊத்துற மாதிரி ஆகியிருக்கு. கழுவுறது தப்பில்ல, காயவைக்காம மூடுறதுதான் தப்பு.

நாலு கதவையும் இப்படி சுத்தம் பண்ணிட்டு, முன் கண்ணாடிக்கு கீழ காத்து உள்ள போற ஜல்லடைக்கு அடியில இருக்கிற குழி, கதவுக்குக் கீழ நீளமா ஓடுற பெட்டி மாதிரியான பகுதி, டிக்கியில ஸ்டெப்னி உக்காருற பள்ளம், பேட்டரி வைக்கிற தட்டு, இதெல்லாம் பாருங்க. உள்ள கார்ப்பெட்டைத் தூக்கி அடியில கையை வச்சுப் பாருங்க, ஓதம் அடிச்சா முன் கண்ணாடி ரப்பரோட கீழ் மூலை ஒழுகுதுன்னு அர்த்தம். பேட்டரி தட்டுல வெள்ளையா பூத்திருந்தா ஆசிட், சோடா உப்பைத் தண்ணில கரைச்சு ஊத்துங்க, நுரைச்சு அடங்கினதும் கழுவித் துடைச்சிடுங்க.

இப்போ கழுவுற முறை. நிழல்ல நிறுத்தி பானட் ஆறினதுக்கு அப்புறம்தான் ஆரம்பிக்கணும். பாத்திரம் கழுவுற சோப்பு வேணவே வேணாம், அது எண்ணெய்ப் பசையை எடுக்கிறதுக்குன்னே செஞ்சது, நீங்க போட்ட மெழுகையும் சேத்து எடுத்துட்டுப் போயிடும், கார் ஷாம்பூ வாங்கிக்கோங்க. துணி படுறதுக்கு முன்னாடி வெறும் தண்ணியை மேல இருந்து கீழ ஊத்தி மண்ணை இறக்கிடணும், ஏன்னா கீறல் போடுறது தண்ணியும் இல்ல துணியும் இல்ல, துணிக்கு அடியில மாட்டுற மண்ணுதான். வாளி ரெண்டு வேணும், ஒண்ணுல ஷாம்பூ, இன்னொண்ணுல துணியை அலச வெறும் தண்ணி, ஒவ்வொரு பகுதி முடிஞ்சதும் அலசிட்டுத்தான் ஷாம்பூவுல முக்கணும், கூரையில ஆரம்பிச்சு கடைசியா கீழ்ப்பகுதி, சக்கரத்துக்கு தனித் துணி, வட்டமா தேய்க்காம நேர்க்கோட்டுல தேய்ங்க. ஹை பிரஷர் தண்ணியை இந்த வயசு வண்டியோட ரப்பர் ஓரத்துலயும் பெயிண்டு விரிஞ்ச இடத்துலயும் காட்டவே கூடாது, நேரா உள்ள ஏத்திடும். மட்கார்டுக்குள்ள, வண்டிக்கு அடியில மட்டும் அடிங்க, அங்க கண்டிப்பா அடிக்கணும், முக்கியமா உப்புக் காத்து அடிக்கிற இடத்துல ஓட்டிட்டு வந்தா. சக்கரத்துக்கு மேல மட்கார்டு உள்பக்கமா மடிஞ்சிருக்கிற விளிம்புல விரலை வச்சு ஓட்டுங்க, வண்டல் மாதிரி மண்ணு படிஞ்சிருக்கும்.

கழுவி முடிச்சதும் மைக்ரோஃபைபர் துண்டால துடைச்சுட்டு கதவு, டிக்கி, பானட் எல்லாத்தையும் திறந்து வைங்க, துடைச்ச கதவோட அடியில இருந்து அஞ்சு நிமிஷம் கழிச்சும் சொட்டும், அப்போ இன்னொரு தடவை துடைங்க. ப்ளோயர் இருந்தா குரோம் பட்டைக்குப் பின்னாடி, கூரை ஓர கால்வாய், விளக்கு சுத்தின இடம் எல்லாம் ஊதி விடுங்க. அப்புறம் ஒரு பத்து நிமிஷம் ஓட்டி மெதுவா நாலு தடவை பிரேக் பிடிச்சிட்டு வாங்க. ஈரத்தோட ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தி வச்சா டிரம்முல ஷூ ஒட்டிக்கிட்டு சக்கரம் நகராது, சமதளமா இருந்தா கியர்ல போட்டு சக்கரத்துக்கு கட்டை வைங்க.

வாரா வாரம் தண்ணி ஊத்தவும் வேணாம், ஓடாத வண்டியில மெல்லிசா தூசி இருந்தா அப்படியே இருக்கட்டும். ஆனா பறவை எச்சம், பிரேக் ஆயில் ரெண்டும் பட்ட நிமிஷமே தண்ணி ஊத்தி எடுத்துடணும், சாதாரண பிரேக் ஆயில் பெயிண்டை அப்படியே உரிச்சிடும்.

பிளாஸ்டிக் கவரை தூக்கிப் போட்டுடுங்க. அதுக்கு அடியில ராத்திரி ஈரம் வேர்த்து பெயிண்டு மேலயே நிக்கும், காத்து அசைஞ்சா கவரே உப்புத்தாள் மாதிரி உரசும். காத்து போற துணிக் கவர், அதுவும் கூரைக்கு அடியில நிறுத்துற வண்டிக்குத்தான், வண்டி காஞ்சு சுத்தமா இருக்கும்போது மட்டும். மூடின ஷெட்டுன்னா ஈரப்பதம் பாக்குற சின்ன மீட்டர் ஒண்ணு மாட்டுங்க, 60 சதவீதத்தைத் தாண்டினா இரும்பு வேகமா துரு பிடிக்க ஆரம்பிக்கும், 50 பக்கம் வச்சுக்கிட்டா நிம்மதி.

இனி அந்த ரோஸ் கலர். 1980கள்ல இருந்துதான் கலருக்கு மேல கிளியர் கோட்ங்கிற நிறமில்லாத பூச்சு அடிக்கிறது பரவலாச்சு, உங்க வண்டியில திரும்ப பெயிண்டு அடிக்கலைன்னா கலரே மேல் பூச்சா இருக்கும். வெள்ளை பனியன் துணில கொஞ்சம் பாலீஷ் தொட்டு கண்ணுல படாத மூலையில தேய்ச்சுப் பாருங்க, துணி சிவப்பாச்சுன்னா அதுதான். பயந்துடாதீங்க, வெயில்ல செத்துப்போன மேல்தோல்தான் வருது, அடியில பழைய சிவப்பு அப்படியே இருக்கும். எனக்கு இந்த வேலையிலயே ரொம்பப் பிடிச்ச நேரம் இதுதான், சுண்ணாம்பு மாதிரி கிடந்த இடத்துல நாலு இழுப்பு இழுத்ததும் தாத்தா காலத்து கலர் எட்டிப் பாக்கும்.

ஆனா கம்பெனியில அடிச்ச பெயிண்டு மொத்தமே ஒரு தலைமுடியோட தடிமனைவிடக் கொஞ்சம்தான் அதிகம், அதுலயும் இத்தனை வருஷம் யார் யாரோ தேய்ச்சிருப்பாங்க. அதனால சுத்துற ரோட்டரி மெஷினும் முரட்டு ரப்பிங் காம்பவுண்டும் கூடாது, பானட்டோட மடிப்புக் கோட்டுல ரெண்டு செகண்ட் நின்னா கலருக்கு அடியில இருக்கிற பிரைமர் பூச்சு தெரிஞ்சிடும். கையாலயோ, ஆடிச் சுத்துற டூயல் ஆக்ஷன் மெஷினாலயோ, நைசான பாலீஷ்ல ஆரம்பிங்க. விளிம்பு, மடிப்பு எல்லாத்துலயும் மாஸ்கிங் டேப் ஒட்டிட்டு அங்க கடைசியா கையாலதான். உங்களுதை மாதிரி காஞ்ச பெயிண்டுக்கு எண்ணெய் சத்துள்ள கிளேஸை (பெயிண்டுல தடவுற க்ரீம் மாதிரி) முதல் நாள் தாராளமா தடவி ராத்திரி முழுக்க விட்டு மறுநாள் துடைச்சுட்டு பாலீஷ் போட்டா பெயிண்டு இழுவை இல்லாம வழுக்கிக்கிட்டு வரும். மெல்லிசான வெடிப்பு வலை மாதிரி ஓடியிருக்கிற இடத்துல பாலீஷே வேணாம், வெள்ளைப் பவுடர் உள்ள போய் உக்காந்துக்கும். அந்தக் காலத்து பெயிண்டுல ஈயம் இருக்க வாய்ப்பிருக்கு, உப்புத்தாளை உலர்வா தேய்க்காதீங்க, தண்ணி விட்டுத் தேய்ங்க, மாஸ்க் போட்டுக்கோங்க.

பாலீஷ் தேய்ச்சு எடுக்கிறது, காப்பாத்துறது மெழுகுதான். கார்னௌபா மெழுகு நல்ல ஆழமான பளபளப்பு கொடுக்கும், சீக்கிரம் போயிடும், ரெண்டு மூணு மாசத்துக்கு ஒருக்கா போடணும். சிந்தெடிக் சீலன்ட் அதைவிட நாள் தாங்கும். எதுவா இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லிசா ரெண்டு தடவை. செராமிக் வேணாம்னு சொன்னதுக்குக் காரணம், அதை அடிக்கிறதுக்கு முன்னாடி எண்ணெய்ப் பசை மொத்தத்தையும் கெமிக்கல் போட்டுத் துடைச்சு எடுப்பாங்க, காஞ்ச பெயிண்டு இன்னும் காயும், நாளைக்கு ஒரு இடத்துல டச்சப் பண்ணணும்னா அதைத் தேய்ச்சு எடுத்துட்டுத்தான் பண்ண முடியும், உங்க துருவோ உள்பக்கம் இருக்கு.

குரோம் பம்பர்ல புள்ளி புள்ளியா துரு இருந்தா அலுமினியம் ஃபாயிலைக் கசக்கி தண்ணில நனைச்சு லேசா தேய்ங்க. அலுமினியம் குரோமைவிட மென்மை, கீறாது, துரு மட்டும் வரும். குரோம் பூச்சு ஒரு மைக்ரான்கூட இருக்காது, அதுல இருக்கிற நுண்ணிய துளை வழியாத்தான் ஈரம் இறங்குது, அதனால துடைச்சுட்டு மெழுகு போட்டுடுங்க.

கொப்புளத்துக்கு வருவோம். துணி சுத்தின காந்தத்தை கதவோட அடியில வச்சு நகர்த்திப் பாருங்க, எங்கயாவது பிடிக்காம நழுவினா முன்னாடியே பட்டி போட்டு மூடியிருக்காங்க. கொப்புளத்தைச் சுரண்டுங்க, பளிச்சுன்னு வெறும் இரும்பு தெரியிற வரைக்கும். ஊசி நுழையுற பொத்தல் இருந்தா ரஸ்ட் கன்வர்ட்டரும் (துருவோட சேந்து அதைக் கறுப்புப் பூச்சா மாத்துற திரவம்) பட்டியும் தீர்வு இல்ல, தகரத்தை வெட்டி புதுசு வெல்டு வைக்கணும், அதை நல்ல டிங்கரிங் ஆள்கிட்ட கொடுங்க. பொத்தல் இல்லைன்னா உதிர்ற துருவை எல்லாம் எடுத்துட்டு, குழிக்குள்ள மிச்சம் ஒட்டியிருக்கிறதுக்கு மட்டும் ரஸ்ட் கன்வர்ட்டர், அது காஞ்சு கறுத்ததும் எபாக்சி பிரைமர், அதுக்கு மேல கலர். எபாக்சியை கன்வர்ட்டர் மேல அடிக்கலாமான்னு டப்பாவுல படிச்சுக்கோங்க, சிலது ஒத்துக்காது. சாதாரண பிரைமர் ஈரத்தை உறிஞ்சும், அதோட விட்டுட்டு கலர் அடுத்த மாசம் பாத்துக்கலாம்னு நினைக்காதீங்க.

கடைசியா அடிப்பக்கம். யாராவது கறுப்பா தார் மாதிரி கோட்டிங் அடிச்சுத் தர்றேன்னு சொன்னா முன்னாடி என்ன செய்வாங்கன்னு கேளுங்க. நான் வாங்கின ஒரு வண்டியில ஒரு ஒர்க் ஷாப் அப்படி அடிச்சிருந்துச்சு, பாக்க புதுசு மாதிரி, ஸ்க்ரூ டிரைவர் பிடியால தட்டினப்போ ஒரு இடத்துல டங்குன்னு கேக்காம தொப்புன்னு கேட்டுச்சு, கத்தியால கீறி உரிச்சா கோட்டிங்கோட பின்பக்கம் தகரமே பொறுக்கு பொறுக்கா ஒட்டிக்கிட்டு வந்துச்சு. அந்தக் கறுப்புத் தோலுக்கும் இரும்புக்கும் நடுவுல தண்ணி புகுந்து வெளியேற வழியில்லாம தின்னிருக்கு. எனக்கு அன்னைக்கு வந்த கோவம் இன்னும் போகல. காயாம பசையாவே இருக்கிற மெழுகு, இல்லைன்னா லானோலின் (ஆட்டு ரோமத்துல இருந்து எடுக்கிற கொழுப்பு) வகைதான் நான் போடுவேன், கீறல் விழுந்தாலும் அதுவே கொஞ்சம் கொஞ்சமா நகர்ந்து மூடிக்கும். பிரேக், சைலன்சர் பக்கம் படாம பாத்துக்கோங்க.

கதவுக்கும் கீழ் பெட்டிக்கும் கேவிட்டி வாக்ஸ், அதாவது உள் பொந்துகளுக்குள்ள அடிக்கிற மெழுகு, நீளமான குழாயோட நுனியில சுத்தி அடிக்கிற நாசில் இருக்கும். வண்டி ஒரு வாரமாவது நல்லா காஞ்சதுக்கு அப்புறம் வெயில் நாள்ல, கதவு ஓட்டை வழியா குழாயைக் கடைசி வரைக்கும் விட்டு பின்னால இழுத்துக்கிட்டே அடிங்க. அடி மடிப்புல இருந்து மெழுகு கசிஞ்சா உள்ள போய்ச் சேந்துடுச்சுன்னு அர்த்தம். மறுநாள் அதே ஜிப் டையை வடிகால் ஓட்டைகள்ல விட்டு மெழுகு அடைக்காம திறந்து விட்டுடுங்க. வருஷத்துக்கு ஒருக்கா ஒரு குச்சில வெள்ளைத் துணி சுத்தி உள்ள விட்டுப் பாருங்க, துணில பசை ஒட்டினா இன்னும் தாங்கும், காவியா பொடி வந்தா திரும்ப அடிக்கணும்.