ஜெல் இருக்கட்டும், மாத்திரை அட்டையைக் காட்டுங்கள்

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது. மாட்டுத்தாவணியில் பூ கட்டுகிறார். சர்க்கரை, பிரஷர் உண்டு. முழங்கால் வலிக்கு நானோ மஞ்சள் ஜெல் தடவுகிறார். நானோ துகள் ரத்தத்தில் கலந்து கிட்னியைக் கெடுக்கும் என்று யூடியூபில் பார்த்தேன். தடவிய இடம் மஞ்சளாகவே இருக்கிறது. அநேகமாகத் தினமும் மெடிக்கலில் வாங்கிய வலி மாத்திரையும் போடுகிறார். காலும் கொஞ்சம் வீங்குகிறது. ஜெல்லை நிறுத்தலாமா?
- வாசகர், திருமங்கலம்

பதில்: கிட்னியை நினைத்துப் பயந்தது சரிதான். கை காட்டிய இடம்தான் தப்பு.

மஞ்சளில் உள்ள குர்குமின் தண்ணீரில் கரையாது. காலங்காலமாக முகத்தில் பூசியும் அது மேலே கறையாகவே நிற்பது அதனால்தான். தோலின் வெளியடுக்கு, செத்த செல்களைச் செங்கல்போல அடுக்கி, இடையில் கொழுப்பைப் பூசிய சுவர். தடிமன் 10 முதல் 20 மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்றாலும் எதையும் லேசில் உள்ளே விடாது. இப்படிப்பட்ட நானோ ஜெல் பலவற்றில், அந்தக் கொழுப்போடு ஒட்டிப்போகிற லெசித்தின் போன்ற பொருளில் 100, 200 நானோமீட்டர் அளவுக்கு நுண்குமிழ் செய்து, அதற்குள் மஞ்சள் சாற்றை வைத்து அனுப்புகிறார்கள். இந்தக் குமிழுக்குத்தான் லிபோசோம் என்று பெயர். குமிழ் பெரும்பாலும் மேலடுக்கிலேயே உடைந்து கலந்துவிடும். மருந்து மட்டும் கொஞ்சம் கீழே இறங்கும். யூடியூப் பயத்தையும் மஞ்சள் கறையையும் விட்டுத்தள்ளுங்கள். புண்ணில் தடவ வேண்டாம், கொப்புளம் வந்தால் நிறுத்துங்கள், அவ்வளவுதான். தேய்ந்த மூட்டு இதனால் வளராது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

மாத்திரைக்கு வருகிறேன். பெயர் எழுதவில்லை, என்னிடம் வருகிறவர்கள் நீட்டும் அட்டையில் பெரும்பாலும் டைக்ளோஃபெனாக் அல்லது அசிக்ளோஃபெனாக் இருக்கும். கிட்னிக்குப் போகும் ரத்தக்குழாயை விரித்து வைத்திருக்கிற புராஸ்டகிளாண்டின் என்ற பொருளையும் வலியோடு சேர்த்தே இவை அடக்கிவிடும். சர்க்கரையும் பிரஷரும் இருக்கிற உடம்பில் கிட்னிக்கு ரத்தமும் குறைந்தால் எப்படித் தாங்கும்? சில பிரஷர் மாத்திரைகளோடு சேர்ந்தால் இன்னும் மோசம். சீட்டு கேட்காமல் இதை எடுத்துக் கொடுப்பவர்கள் மேல் எனக்குக் கோபம். கேட்டு வாங்குகிறவர்கள் மேலும்தான்.

நீங்கள் போகிறபோக்கில் எழுதிய கால்வீக்கத்தைத்தான் நான் இரண்டு முறை படித்தேன். இன்று அம்மா வேலை முடிந்து வந்ததும், கணுக்காலுக்கு நாலு விரல் மேலே, எலும்பின்மேல், கட்டைவிரலால் 10 விநாடி அழுத்திப் பாருங்கள். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றால் நீர் கோத்திருக்கிறது. நாள் முழுக்க உட்கார்ந்து பூ கட்டினாலும் சாயங்காலம் வீங்கும்தான். ஆனால் விடிந்தும் வடியவில்லை, முகம் உப்புகிறது, சிறுநீர் குறைகிறது என்றால் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.

குழி விழாவிட்டாலும் வலி மாத்திரையை இன்றே நிறுத்துங்கள். சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளில் கை வைக்காதீர்கள். கிட்னி எப்படி இருக்கிறது என்று தெரிய, இந்த வாரமே ரத்தத்தில் கிரியேட்டினினும் சிறுநீரில் ஆல்புமினும் பார்க்க வேண்டும். மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையிலேயே பார்க்கலாம். வலிக்கு என்ன கொடுப்பது என்று ரிசல்ட்டைப் பார்த்து மருத்துவர் சொல்லட்டும். அதுவரை ஜெல்லைத் தடவிக்கொள்ளட்டும்.