பசை டப்பாவை மூடி வையுங்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

சேலம் அம்மாப்பேட்டையில் தறி ஓடிய வீட்டில் பிறந்தவள் நான். அப்பா வெண்பட்டு வேட்டி நெய்தவர். இடுப்பு வலியால் தறியை நிறுத்தினார். சென்ற வருடம் வீட்டை விற்றுவிட்டு எல்லோரும் அழகாபுரத்தில் அடுக்குமாடி வீட்டுக்கு வந்துவிட்டோம். தறியைப் பிரித்த மரங்களும், குறுக்கு நூலை ஓட்டும் மர நாடாக்களும் பால்கனியில் கிடக்கின்றன.

பழைய பொருட்களைக் கொண்டு வீட்டை அலங்கரிப்பதில் எனக்கு ஆசை அதிகம். பாட்டில்களுக்கு வண்ணம் தீட்டிச் சணல் ஒட்டுவேன். செய்தித்தாளைச் சுருட்டி ஒட்டிக் கூடை செய்வேன். என் மகள் குழந்தையாக இருந்தபோது போட்ட கொலுசை ரெசினில் பதித்து ஒரு தட்டு செய்தேன்; பார்த்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். ஏற்காட்டில் வாங்கிய காப்பி மரக் கட்டை ஒன்றும் வைத்திருக்கிறேன், அதற்கு வார்னிஷ் அடிக்கலாமா? அடுத்து, பாட்டியின் பட்டுச் சேலைகளை வெட்டிப் பலகைகளில் ஒட்டி வரவேற்பறைச் சுவர் முழுக்க மாட்ட நினைக்கிறேன். நாடாக்களுக்குத் தங்க நிறம் அடித்து ஒரு கடிகாரம் செய்யவும் எண்ணம்.

மாமியார் குப்பையைச் சேர்ப்பதாகச் சொல்கிறார். சண்டிகரில் நேக் சந்த் குப்பையிலிருந்துதானே ஒரு பூங்காவையே கட்டினார்? நான் செய்வது கலையா, பொழுதுபோக்கா? இவற்றை விற்கலாமா? அப்பா எதுவும் சொல்வதில்லை. நீங்கள் சொல்லுங்கள்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

*

அன்புள்ள தங்கைக்கு,

கலையா, பொழுதுபோக்கா என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். கையில் வேலை இருக்கும்போது அந்தக் கேள்வி வருவதில்லை. வேலையை முடித்துவிட்டுப் பாராட்டுக்குக் காத்திருக்கும்போதுதான் வருகிறது. விற்பனையைப் பற்றி இப்போது யோசிக்கவே வேண்டாம். காப்பிக் கட்டைக்கு இன்னும் வார்னிஷ் அடிக்காதீர்கள். நிழலில், காற்று ஓடும் இடத்தில் பல மாதங்கள் காயட்டும். இரண்டு வெட்டு முகங்களிலும் மெழுகு தடவிவிடுங்கள். ஈரம் அந்த வழியாகத்தான் அவசரமாக வெளியேறி மரத்தைப் பிளக்கும். மாமியார் சொல்வதில் பாதி சரி. எந்தப் பாதி என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சில வாரங்களாகவே இதை நான் மனத்தில் போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவுக்கு வரும் பழைய பேப்பர்க்காரர், பக்கத்து வீட்டுத் திண்ணையில் கழித்து வைத்திருந்த அலங்காரப் பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிட்டார். மேலே வண்ணம், கழுத்தில் சணல், சணல்மேல் சோழி, சோழிக்கு நடுவே பிளாஸ்டிக் மணிகள், எல்லாம் பசையில் இறுகிக் கிடந்தன. "இதை எங்கேயும் எடுக்க மாட்டார்கள் அம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். வெறும் பாட்டிலாக இருந்திருந்தால் சாக்குக்குள் போயிருக்கும். கண்ணாடியை எத்தனை முறை வேண்டுமானாலும் உருக்கி மறுபடி கண்ணாடியாக்கலாம். உருக்காமலே கழுவி மறுபடி நிரப்பலாம். மலையில் பாட்டில்களை வீசி எறிவதைத் தடுப்பதற்காக நீலகிரியில் 2022-இல் ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள்: டாஸ்மாக் கடையில் பாட்டிலுக்குக் கூடுதலாக 10 ரூபாய் வாங்கிக்கொண்டு, காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பணத்தைத் தருவது. திரும்பி வர வழி இருக்கும்வரை பாட்டில் குப்பை ஆவதில்லை. அந்த வழியைச் சோழியையும் சணலையும் வைத்து நாம் அடைக்கிறோம். அடைத்துவிட்டுக் குப்பையைக் குறைத்ததாக மகிழ்கிறோம்.

உங்கள் கடிதத்தில் என்னை வருத்தியது இதுதான். பாட்டிலில் பசை, கூடையில் பசை, சேலைக்குப் பசை. பழைய பொருளின்மேல் உங்களுக்கு அன்பு இருக்கிறது, கையில் திறமையும் இருக்கிறது. ஆனால் நீங்கள் தொடும் ஒவ்வொரு பொருளும் உங்களோடு முடிந்துவிடுகிறது. உங்களுக்குப் பிறகு அதை யாரும் பிரிக்க முடியாது, மாற்ற முடியாது, வேறொன்றாக ஆக்க முடியாது.

கொலுசை எடுத்துக்கொள்ளுங்கள். சேலத்துப் பெண்ணுக்கு இதை நான் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று கோபமாகவே வருகிறது. செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறை வைத்திருப்பவர்கள் தரையைக் கூட்டிய மண்ணைக்கூட வெளியே கொட்ட மாட்டார்கள். அரித்து, உருக்கி, அதிலுள்ள வெள்ளியை எடுத்துவிடுவார்கள். குழந்தையின் கால் வளர வளரச் சின்னக் கொலுசைக் கடையில் கொடுத்து, எடையைக் கழித்துக்கொண்டு, மேலே கொஞ்சம் பணம் போட்டு அடுத்த அளவு வாங்குவது நம் வீடுகளில் நடப்பதுதானே? உங்கள் மகள் முதலில் நடந்தபோது ஒலித்த வெள்ளி, அவள் கல்யாணத்துக்குப் போடும் கொலுசுக்குள்ளும் இருந்திருக்கலாம். ரெசின் ஒருமுறை இறுகினால் மறுபடி உருகாது. சூடு காட்டினால் கருகும், புகையும். உங்கள் தட்டில் கொலுசு தெரிகிறது, ஒலிக்கவில்லை. இனி ரெசினைத் தொடுவதாக இருந்தால் கையுறை இல்லாமலும் ஜன்னலைத் திறக்காமலும் தொடாதீர்கள். தொடாமலே இருந்தால் இன்னும் நல்லது.

நேக் சந்தைத் துணைக்கு அழைத்திருக்கிறீர்கள். அவர் சண்டிகரில் சாலை ஆய்வாளராக இருந்தவர். 1950-களின் பிற்பகுதியில் தொடங்கி, வேலை நேரம் போக மிச்ச நேரத்தில், காட்டுக்குள் யாருக்கும் தெரியாமல் அந்த உலகத்தைக் கட்டினார். 1976-இல் அது மக்களுக்குத் திறக்கப்பட்டது. அவர் சிமெண்டில் பதித்தவர்தான், மறுக்கவில்லை. ஆனால் எவற்றையெல்லாம் பொறுக்கி வந்தார் என்று பாருங்கள். உடைந்த பீங்கான் தட்டு, கழிப்பறைப் பீங்கான், மின்சாரக் கம்பத்துப் பீங்கான். சுட்ட பீங்கானை உருக்கி மறுபடி பீங்கானாக்க முடியாது. உடைந்தபின் அதற்குப் போக்கிடமே இல்லை. போக்கிடம் இல்லாத பொருளுக்கு அவர் இடம் கொடுத்தார். உடைந்த கோப்பையையும் ஓட்டுச் சில்லையும் வைத்து நீங்கள் மொட்டைமாடியில் ஒரு திண்ணை கட்டினால் நானே வந்து சாந்து குழைத்துக் கொடுப்பேன்.

சேலை அப்படிப்பட்டதா? நம் வீடுகளில் ஒரு பருத்திச் சேலை எப்படி முடிந்தது என்று நினைத்துப் பாருங்கள். நைந்ததும் தூளி. தூளி தாங்காது என்றானதும் குழந்தைக்கு விரிப்பு. பிறகு அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கும் கரித்துணி. பிறகு வாசலில் மிதியடி. கடைசியில் கிழித்துத் திரித்த திரி. ஒரு வேலை முடியும்போது அடுத்த வேலைக்கு வழி திறந்தே இருந்தது. யாரும் அதை அலங்காரம் என்று சொல்லவில்லை. ஆனால் தூளியாகத் தொங்கிய அந்தப் பழைய சுங்குடிச் சேலையைவிட அழகான தொங்கலை நான் எந்த வரவேற்பறையிலும் பார்த்ததில்லை.

என் பெரியம்மா சேலத்துக் குகைப் பகுதியில் வீடு வீடாகப் பாவு (தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்) பிணைக்கப் போவார். உங்கள் வீட்டுக்கும் அப்படி யாராவது வந்திருப்பார்கள். தறியில் ஒரு பாவு தீர்ந்ததும் பழைய நூலை முழுவதும் உருவிவிட மாட்டார்கள். இழைகளைத் தூக்கி இறக்கும் விழுதிலும், சீப்புபோல் அவற்றைப் பிரித்து நிறுத்தும் அச்சிலும் கோத்த இழைகள் அப்படியே நிற்க, அவற்றின் முனைகளோடு புதிய பாவின் முனைகளை ஒவ்வொன்றாகச் சேர்ப்பார்கள். ஆயிரக்கணக்கான இழைகள். இல்லையென்றால் அத்தனையையும் மறுபடி விழுதுக் கண்ணிலும் அச்சுப் பல்லிலும் கோக்க வேண்டும். பட்டில் முடிச்சுப் போட்டால் அச்சில் மாட்டி இழை அறுந்துவிடும். அதனால் பெரியம்மா ஒரு சிரட்டையில் சாம்பல் வைத்திருப்பார். விரல் நுனியில் சாம்பலைத் தொட்டு, பழைய இழையையும் புதிய இழையையும் சேர்த்து ஒரு முறுக்கு, மடக்கி ஒரு நீவல், அடுத்த இழை. பேசிக்கொண்டே செய்வார், கதை சொல்லிக்கொண்டே செய்வார். விரல் நிற்காது. சிறுமியான நான், பசை தடவி ஒட்டினால் சீக்கிரம் முடியுமே என்று கேட்டேன். "காய்ந்தால் அந்த இடம் கல்லாகிவிடும். அச்சு அதை உள்ளே விடாது" என்றார், தலையைத் தூக்காமலே.

அந்த முறுக்கைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். விழுதைத் தாண்டி, அச்சைத் தாண்டி, நெய்கிறவரின் கைக்கு வரும்வரை அது தாங்கினால் போதும். வந்து சேர்ந்ததும் இணைத்த பகுதியை வெட்டி எடுத்துவிடுவார்கள். எவ்வளவு நேரம் பிடிக்க வேண்டுமோ அவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டு, பிறகு விட்டுவிடுகிற இணைப்பு. நம் ஊரில் கைவேலை செய்தவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் இணைத்தார்கள். கயிற்றுக் கட்டிலில் கயிறு தளர்ந்தால் இழுத்துக் கட்டலாம், அறுந்தால் கயிற்றை மட்டும் மாற்றலாம். உங்கள் அப்பாவின் தறியே துளையும் ஆப்பும் கயிறுமாகத்தான் நின்றது. அதனால்தான் அதை உங்களால் மரம் மரமாகப் பிரித்து அழகாபுரத்துக்குக் கொண்டுவர முடிந்தது. பசை போட்டுக் கட்டியிருந்தால் விறகாகத்தான் வந்திருக்கும். வங்காளத்தில் காந்தா தைத்த பெண்கள் பழைய சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சேலைக் கரையிலிருந்தே உருவிய வண்ண நூலால் நூலோட்டம் போட்டு இணைத்தார்கள். ஊசி போன வழியே நூலை உருவிவிட்டால் துணி துணியாகவே கையில் கிடைக்கும்.

ஆகவே பாட்டியின் பட்டுச் சேலைகளின்மேல் கத்தரிக்கோல் வைக்காதீர்கள். கெஞ்சியே கேட்கிறேன். பட்டு வெளிச்சத்தைத் தாங்காத நூல். வெயில் விழும் சுவரில் மாட்டினால் நிறம் வெளுத்து, இழை நொறுங்கத் தொடங்கும். அந்தக் காலத்து நல்ல சரிகை என்றால், பட்டு நூலின்மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்க முலாம் பூசியது. பழைய பட்டுச் சேலை வாங்குகிறோம் என்று தெருவில் குரல் கொடுப்பவர்கள் அந்த வெள்ளிக்காகத்தான் வருகிறார்கள். அவர்களிடமும் கொடுக்க வேண்டாம். மடிப்பில் கிழிந்திருந்தால் பின்புறம் மெல்லிய பருத்தித் துணி வைத்து, நெருக்கமில்லாமல் நூலோட்டம் போடுங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பை மாற்றி மடித்து வையுங்கள். ஒரே மடிப்பில் கிடந்தால் பட்டு அந்தக் கோட்டிலேயே அறுபடும். உடல் முழுவதும் இற்றுப்போன சேலை என்றால் கரையைப் பிரித்து வேறு துணியில் தைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நல்லதாக இருந்தால், தங்கையே, கட்டிக்கொள்ளுங்கள். உங்கள் பாட்டி அதைச் சுவருக்காக வாங்கவில்லை.

இனி, நீங்கள் ஒற்றை வரியில் கடந்து போன விஷயத்துக்கு வருகிறேன். அப்பா எதுவும் சொல்வதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அவரிடம் என்ன கேட்டீர்கள்? தறியை நிறுத்திய மனிதர் தினமும் பால்கனிக்கு வரும்போது, மழைச் சாரலில் ஊறும் தன் தறி மரங்களைப் பார்க்கிறார். அவர் கையால் வழவழப்பான நாடாவுக்குத் தங்க நிறம் அடிக்கலாமா என்று முன்பின் பார்க்காத என்னிடம் கடிதம் எழுதிக் கேட்கிறீர்கள். இது நியாயமா? இன்றைக்கே அந்த மரங்களை உள்ளே எடுத்து வையுங்கள். நாடாவைத் துடைத்து, மரத்துக்கு லேசாக எண்ணெய் தடவி, அவர் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். வண்ணம் வேண்டாம்.

பிறகு ஒரு தச்சரிடம் சொல்லி, மேசைமேல் சாய்த்து வைக்கும் அளவில் கெட்டியான மரச்சட்டம் ஒன்று செய்துகொள்ளுங்கள். மேல் கட்டையிலும் கீழ்க் கட்டையிலும் வரிசையாகச் சின்ன ஆணிகள் இருக்க வேண்டும். இடுப்பு வலிக்காரரால் குழித்தறியில் உட்கார முடியாது. இந்தச் சட்டத்தின் முன் நாற்காலி போட்டு உட்காரலாம். பாவுக்கு ஜமக்காளம் நெய்கிறவர்கள் வாங்கும் தடித்த பருத்தி நூல் போதும். பவானி உங்களுக்குத் தூரமில்லை. ஊடைக்கு, அதாவது குறுக்கே ஓடும் நூலுக்கு, வீட்டில் கிடக்கும் பழைய பருத்திச் சேலைகள். அவற்றைக் கத்தரிக்காமல், ஓரத்தில் சின்ன வெட்டுக் கொடுத்து இரண்டு விரல் அகலத்துக்குக் கிழியுங்கள். கிழிசல் இழையோடு நேராகப் போகும். ஒரு கீற்று தீர்ந்தால் அதன் நுனியில் சின்னப் பிளவு, அடுத்த கீற்றின் நுனியிலும் சின்னப் பிளவு. பழைய கீற்றின் பிளவின்மேல் புதிய கீற்றின் பிளவை வைத்து, புதிய கீற்றின் மறுமுனையை இரண்டு பிளவுக்குள்ளும் அடியிலிருந்து நுழைத்து இழுங்கள். ஊசியும் இல்லை, பசையும் இல்லை, இழுக்க இழுக்க இறுகும். வேண்டாத நாளில் பிரித்தும் எடுக்கலாம். மிதியடி, மேசை விரிப்பு, உங்கள் மகளின் அறைக்குச் சின்னத் தரைவிரிப்பு என்று தொடங்குங்கள். வீடு தானாக அழகாகும்.

பாவை எவ்வளவு நெருக்கமாகக் கட்டுவது, எவ்வளவு இறுக்கமாக நிறுத்துவது, ஊடையை எவ்வளவு அடித்துச் சேர்ப்பது என்றெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள். நான் நெசவைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள், அவ்வளவே. வெண்பட்டு நெய்தவர் உங்கள் வீட்டிலேயே இருக்கிறார். சட்டத்தை அவர்முன் வைத்துவிட்டு, நீங்களே தப்பும் தவறுமாகப் பாவு கட்டத் தொடங்குங்கள். நெசவாளியால் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. அடுத்த கடிதத்தில் அவர் என்னென்ன திருத்தினார் என்று எழுதுங்கள்.